உயிரோடு இருந்த அக்காவுக்குக் கோடி எடுத்த கதை

தையல் மெஷின்கள் பதினாலும் ஒரே நேரத்தில் நின்றால் தாராவியில் இரண்டே காரணம்தான். ஒன்று, கரண்ட் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் யாராவது போயிருக்க வேண்டும்.

அன்றைக்குக் கரண்ட் இருந்தது.

எங்கள் பட்டறை மாடியில். ஏறி வர இரும்பு ஏணி. அதன் வழியாக முதலில் ஒரு தலை தெரிந்தது, பிறகு ஒரு ஆபீஸ் பை. என் அக்கா மகன் சரவணன். வாஷியில் ஒரு கம்பெனியில் வேலை, செம்பூரில் வீடு. எங்களோடு பேச்சுவார்த்தை அறுந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அப்படிப்பட்டவன் வேலைநாளில், மத்தியானத்தில், கண் கலங்கி வந்து நிற்கிறான்.

"மாமா, அம்மைக்குக் கோடி எடுக்கணும். ஒங்களக் கையோட கூட்டிட்டு வரணும்."

அதற்கு மேல் அவன் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. "ஐயோ, பேச்சியக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் மெஷின்கள் நின்றன. கட்டிங் மாஸ்டர் இம்தியாஸ் பாய் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். பையன்கள் ஃபேனை நிறுத்தினார்கள். சாவுக்கு எதற்கு ஃபேனை நிறுத்த வேண்டும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, ஆனால் அந்த நேரத்தில் அது சரியாகத்தான் பட்டது.

நான் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தேன். கீழே சந்து முனையில் நின்ற டாக்சியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏ சரவணா! ஒங்க மாமன் வாரானா இல்லியான்னு கேளுல! மீட்டர் ஓடிட்டிருக்கு!"

செத்துப்போன என் அக்காவின் குரல்.

தகவல் சொல்லும் முறை

தப்பு சரவணன்மேல் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் நாங்கள் யாரும் "செத்துப்போனாள்" என்று நேராகச் சொல்ல மாட்டோம். "கோடி எடுக்கணும்" என்போம். கேட்டவருக்கு விளங்கிவிடும். அவர் அழ ஆரம்பிப்பார். ஆனால் அவன் சொன்னது நிஜமாகவே கோடி எடுக்கத்தான். இப்படி ஒரு சூழ்நிலை வரும் என்று எங்கள் ஆட்கள் யோசித்து வைக்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் தவறிவிட்டால் அவள்மேல் பிறந்த வீட்டுப் புதுச்சேலை விழ வேண்டும். அதுதான் கோடி. அப்பா இல்லையென்றால் அண்ணனோ தம்பியோ கொண்டுவர வேண்டும். அது வரும்வரை தூக்க மாட்டார்கள். பிள்ளைகள் ஃபாரினிலிருந்து வந்து இறங்கியிருப்பார்கள், வண்டி வாசலில் நிற்கும், ஆனாலும் "பொறந்த வீட்டுக் கோடி வந்தாச்சா?" என்று யாராவது ஒரு கிழவர் கேட்பார். வரவில்லையென்றால் எல்லாரும் மறுபடியும் உட்கார்ந்துவிடுவார்கள்.

சயான் பக்கம் ஒரு வீட்டில் தம்பிக்காரர் வந்த ரயில் எங்கோ நின்றுவிட்டது. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மூன்று தடவை டீ குடித்து, கிரிக்கெட் ஸ்கோர் கேட்டு, கடைசியில் அந்த வட்டாரத்தில் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு வரனும் பேசி முடித்துவிட்டார்கள். அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன்.

சரி, டாக்சிக்கு வருவோம்.

அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். டாக்டர் எல்லாம் நல்லபடியாக முடியும் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு காகிதத்தில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். அக்கா டாக்டரை நம்பவில்லை, காகிதத்தை நம்பினாள். அன்று ராத்திரியே பிள்ளையைக் கூப்பிட்டு, தன் கோடிச்சேலையைத் தானே பார்த்து எடுத்துவிட வேண்டும் என்றிருக்கிறாள். அத்தான் இந்த மாதிரி விஷயங்களில் தலையிடுவதில்லை. டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டாராம்.

உயிரோடு இருப்பவள் தன் கோடியைத் தானே எடுப்பாளா? எடுப்பாள், தம்பி என்னை மாதிரி இருந்தால்.

வாழைப்பழ டவுசர்

ஒன்பது வருடத்துக்கு முன்னால் சரவணனின் தங்கைக்குக் கல்யாணம். செம்பூரில் ஒரு ஹாலில். தாய்மாமன் நான். பழம், தேங்காய், வெல்லம், நடுவில் பட்டுச்சேலை என்று இருபத்தோரு தட்டு வைத்து, மேளத்தோடு போனேன்.

சேலையைக் கடைப்பெட்டியில் கொண்டுபோகவில்லை. எங்கள் பட்டறையின் பேக்கிங்கைப் பற்றி எனக்கு அப்போது ரொம்பப் பெருமை. காக்கி பேப்பரில் மடித்து, நீல டேப் ஒட்டி, மேலே ஜரிகை ரிப்பன் கட்டினேன். அதே மேஜையில், அதே காக்கி பேப்பரில், அதே நீல டேப்பில், அந்தேரி சேட்டுக்கு அனுப்ப வேண்டிய சாம்பிளும் இருந்தது. ரிப்பனை நான் எதில் கட்டினேன் என்பது மேடையில்தான் தெரிந்தது.

மைக்கில் ஒருவர் "தாய்மாமன் சீர்! பட்டுச்சேலை!" என்று முழங்கினார். மாப்பிள்ளையின் அப்பா பார்சலைப் பிரித்து, எல்லாரும் பார்க்கட்டும் என்று தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். மஞ்சள் வாழைப்பழம் போட்ட ஆம்பிளை அரை டவுசர். எக்ஸ்எல் சைஸ்.

நாதஸ்வரக்காரர் ஒரு வினாடி நிறுத்திவிட்டு மறுபடியும் வாசித்தார். மைக் பிடித்தவர் பழக்கதோஷத்தில் இன்னொரு தரமும் "பட்டுச்சேலை!" என்றார். அதே நேரத்தில் அந்தேரி சேட் எனக்கு போன் போட்டு, துணி அற்புதமாக இருக்கிறது, ஆனால் இதில் கால் எங்கே விடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா அழுதுகொண்டே வந்தாள். "எங்கப்பா போனதோட எனக்குப் பொறந்த வீடு முடிஞ்சு போச்சுல. நான் செத்தாக்கூட ஒன் துணி எம்மேல விழக் கூடாது."

அந்த இடத்தில் நான் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினேன்.

ஒரு மடிப்பு

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை வாராவாரம் படிக்கும் மாட்டுங்கா வாசகர் ஒருவர், தொழில் துணி என்பதால் நான் எல்லாவற்றையும் துணியாகவே பார்க்கிறேன் என்று கடிதம் போட்டிருந்தார். நான் மட்டுமா பார்க்கிறேன்? நாம் எல்லாரும் வாயால் சொல்வதில் பாதியைத் துணியால்தான் சொல்கிறோம்.

தொழிலில் விழுந்தவன் தலையில் துண்டைப் போட்டுக்கொள்கிறான். பெரிய மனுஷன் முன்னால் அதே துண்டு இடுப்புக்கு இறங்குகிறது. பயந்தவன் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடுகிறான். பெண்டாட்டி பேச்சைக் கேட்டால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிகிறான் என்கிறார்கள். வேட்டியின் கரையைப் பார்த்தே எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம். எனக்குத் தமிழ்ச் சங்கத்தில் நாலு தடவை பொன்னாடை போர்த்தினார்கள். நாலும் இப்போது ஓவர்லாக் மெஷின்களுக்கு உறையாக இருக்கின்றன. மெஷின்களுக்கு அந்தக் கௌரவம் பொருத்தம்தான். நான்தான் வெறுமனே மேடையில் நின்றேன்.

ஹார்பர் லைன் ரயிலில் சரவணனின் சகாக்கள் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பைப் போட்டு சீட் பிடிக்கிறார்கள். ஆறடி ஆள் நின்றுகொண்டு வருவான், கர்ச்சீப் உட்கார்ந்து வரும். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

வேட்டியை மடித்துக் கட்டுவதும் அப்படித்தான். முழங்காலுக்கு மேல் ஒரு மடிப்பு ஏறிவிட்டால் அப்புறம் புத்தி இறங்காது. நான் மடித்துக் கட்டிக்கொண்டு, முன்னூறு பேர் முன்னால், "நீ செத்தாலும் ஒன் வாசல மிதிக்க மாட்டேன்" என்றேன். சாப்பிடாமல் வெளியேறினேன். டவுசர் போனது கைத்தவறு. இது நானே தெரிந்து செய்தது. ஒன்பது வருடமாக ராத்திரியில் புரண்டு படுக்கும்போதெல்லாம் டவுசரை நினைத்துச் சிரித்திருக்கிறேன். இந்த வாக்கியத்தை நினைத்தால் மட்டும் எழுந்து தண்ணீர் குடிப்பேன்.

மெத்தையில் ஒரு ஒத்திகை

டாக்சியில் அக்கா பின்னால், நான் முன்னால். மாட்டுங்கா வரும்வரை அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் சரவணன் வழியாகத்தான்.

"சரவணா, ஒங்க மாமன்ட்ட சொல்லு. நான் செத்துக் கெடக்கும்போது எந்திச்சுப் பாக்க முடியாது. டவுசரக் கொண்டாந்து போத்திட்டாம்னா என்ன செய்ய? அதான் கூட்டிட்டுப் போறேன். வேற ஒறவாட ஒண்ணும் இல்லன்னு சொல்லு."

"மாமா, அம்மை சொல்லுதா..."

"கேட்டுச்சுல."

நான் ஏன் போனேன் என்றால், அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கலாமே என்றுதான். என்னிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசிவிட மாட்டாளா என்று இருந்தது. "ஏல தம்பி" என்று சொல்ல வேண்டாம், "ஏல" மட்டும் போதும்.

மாட்டுங்காவில் அந்தப் பட்டுக்கடை பழைய மாதிரிக் கடை. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் விற்பனைப் பையன் உட்கார்ந்து எடுத்துப் போடுவான், நாமும் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். பக்கத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் முகூர்த்தப் பட்டு பார்த்துக்கொண்டிருந்தது.

"வாங்க ஆன்ட்டி. என்ன ஃபங்ஷன்?"

"சாவு."

பையனின் முகம் மாறியது. "அடடா. யார் தவறிட்டாங்க?"

"இன்னும் தவறல. வெள்ளிக்கிழமதான் தெரியும்."

பையன் என்னைப் பார்த்தான். நான் ஃபேனைப் பார்த்தேன். பாவம், அவன் தெரிந்த கேள்வியைக் கேட்டான். "எந்த ஏஜுக்கு ஆன்ட்டி?"

"எம் வயசுதான். எனக்குத்தான்."

ஏழெட்டுச் சேலை போட்டான். சுமங்கலி என்பதால் அரக்கும் பச்சையும் மஞ்சளுமாக. அக்கா ஒவ்வொன்றையும் தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். "நின்னு பாத்து என்ன செய்ய? நின்னுட்டா உடுக்கப் போறேன்? நகருப்பா."

நகர்ந்தான். அக்கா மெத்தையில் ஏறி, காலை நீட்டி மல்லாந்து படுத்தாள். கண்ணை மூடினாள். "சரவணா, ஒங்க மாமன மொதல்ல அந்தப் பச்சையப் போத்தச் சொல்லு. நீ போட்டோ எடு."

கடையில் சத்தம் அடங்கிவிட்டது. கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து வந்தார். "அம்மா, இது வியாபாரம் நடக்கிற இடம்மா..."

"வியாபாரந்தானே செய்யுதேன்?" என்றது மெத்தையில் கிடந்த அக்காவின் வாய்.

நான் பச்சையைப் போர்த்தினேன். சரவணன் போட்டோ எடுத்துக் காட்டினான். அவள் படுத்தபடியே பார்த்தாள். "மூஞ்சி கறுத்துத் தெரியுது. அடுத்தது." மஞ்சளைப் போர்த்தினேன். "இதுல சோகையா இருக்கேன்." அப்போது கல்யாணக் கூட்டத்தில் தூரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், விவரம் தெரியாமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு விசும்பினார். அக்கா ஒரு கண்ணைத் திறந்து, "நல்லா இரு தாயி" என்றாள். அந்த அம்மாளைக் கடைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரவைக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது அரக்கு. அகலக் கரை. காலிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டுவந்து, கழுத்துவரை விட்டு, ஓரத்தைச் சுருக்கமில்லாமல் நீவினேன். தொழில் பழக்கம். நீவிக்கொண்டே வந்தவன் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரொம்ப ஒழுங்காகக் கிடந்தாள். எங்கள் அக்காவுக்கு எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது.

அவ்வளவுதான். அந்தக் கடையில், அத்தனை பேர் முன்னால், நான் உடைந்துபோனேன். பட்டறையில் போட்ட சத்தம் மாதிரி இல்லை இது. சத்தமே வரவில்லை. "எந்திச்சிரு அக்கா. போதும், எந்திச்சிரு" என்று மட்டும் சொன்னேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "சரவணா, ஒங்க மாமன அழ வேண்டாம்னு சொல்லு. இங்கயே அழுது தீத்துட்டாம்னா அன்னைக்கு வெறும் மூஞ்சியோட நிப்பான்."

அரக்கே முடிவாயிற்று. கோடிக்குப் பேரம் பேசக் கூடாது என்பார்கள். வாங்குகிறவர் பேசக் கூடாது, அவ்வளவுதான். போர்த்திக்கொள்கிறவர் பேசக் கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அக்கா அரைமணி நேரம் பேசினாள். கடைசியில் பையன், "பிடிக்கலைன்னா பதினஞ்சு நாள்ல மாத்திக்கலாம் ஆன்ட்டி" என்றான்.

"தாராளம்," என்றாள் அக்கா.

வாசலில் பையை சரவணன் கையில் கொடுத்து, என் கையில் கொடுக்கச் சொன்னாள். மூவரும் ஒரே படியில்தான் நின்றிருந்தோம். "வெள்ளிக்கிழம ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம்னு சொல்லு. தேவப்பட்டா தகவல் வரும். அப்ப வந்தாப் போதும்."

தகவல் வரவில்லை

வெள்ளிக்கிழமை நான் போனேன். அக்காவை உள்ளே கொண்டுபோன பிறகு போனேன், அவள் பார்த்துவிடக் கூடாது என்று.

பையையும் கொண்டுபோனேன். என் மனைவி செல்வி கத்தினாள். "ஆஸ்பத்திரிக்குக் கோடியத் தூக்கிட்டுப் போறியளே, வெளங்குமா?" அவள் கேட்டது நியாயம். ஆனால் எங்கள் வீட்டிலும் பட்டறையிலும் திரும்பின பக்கமெல்லாம் காக்கி பார்சல். அதை வைத்துவிட்டு வர எனக்குத் தைரியம் இல்லை.

காரிடாரில் உட்கார்ந்தேன். மடியில் பை. பக்கத்தில் அத்தான், டிவி இல்லாததால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் இத்தனை துணி தைத்திருக்கிறேன், ஒரு துணி தேவைப்படாமல் போகட்டும் என்று ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. அன்று வேண்டிக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரெண்டு நாள் ஐசியூவில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். மருந்து மயக்கம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. அவள் விழிப்பதற்குள் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று நான் அதே பையும் கையுமாகக் கட்டில் பக்கத்தில் நின்றேன். சரவணன் அந்தப் பக்கம்.

வார்டில் ஏசி உறையவைத்தது. அக்காவுக்கு உடம்பு நடுங்கியது. ஆயா, எல்லாரும் மாவுஷி என்று கூப்பிடும் ஒரு மராட்டிக்காரம்மா, கம்பளி வர நேரமாகும், போர்த்த ஏதாவது இருக்கிறதா என்று இந்தியில் கேட்டார். நானும் சரவணனும் ஒருவரையொருவர் பார்த்தோம். அதற்குள் அவர் என் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டார். உருவினார், உதறினார், காலிலிருந்து கழுத்துவரை இழுத்துவிட்டார், ஓரத்தைச் செருகினார். "பஸ், ஹோ கயா", அவ்வளவுதான், முடிந்தது என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவருக்கு அது துணி. குளிருக்கு ஆகும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கண்ணைத் திறந்தாள்.

முதலில் தன்மேல் கிடந்த அரக்குச் சேலையைப் பார்த்தாள். கரையைப் பார்த்தாள். மெல்லத் தலையைத் திருப்பி, கண் கலங்கி நின்ற மகனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை.

"வந்துட்டியால தம்பி," என்றாள்.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ வர மாட்டேன்னு நெனச்சேம்ல. சேலையத் தூக்கி எவன்ட்டயாவது குடுத்து விட்ருவன்னு நெனச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எத்தன மணிக்கு எடுக்காவ?"

"எடுக்கலக்கா," என்றேன். "குளிருதுன்னு போத்தியிருக்கு. ஆபரேஷன் முடிஞ்சிட்டு. நல்லா இருக்க."

"நான் சாவலியா?"

"இல்லக்கா."

சேலையின் கரையை விரலால் தடவிப் பார்த்தாள். நடந்தது அவளுக்கு விளங்கிக்கொண்டு வந்தது எனக்குத் தெரிந்தது. சரவணன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். சரி, இனி அவன் வழியாகத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவன்கூட வழக்கம்போல என் பக்கம் திரும்பத் தயாராகிவிட்டான். ஆனால் அவள் வாயை மூடிக்கொண்டு, மறுபடியும் என் பக்கம் திரும்பினாள்.

"பொறவு நீ ஏம்ல வந்த?"

ஒன்பது வருடத்தில் அதற்கு எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

"சும்மாதாங்க்கா," என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து நான் சத்தமில்லாமல் வாசல் பக்கம் நகர்ந்தேன்.

"இரு," என்றாள்.

இருந்தேன்.